புல் நறுக்கும் இயந்திரம் ஆடாமல் நிற்க ஆங்கர் போல்ட்டை எப்படிப் பொருத்துவது?

மோட்டார் வைத்த புல் நறுக்கும் இயந்திரத்தை வாங்கியதும், மாட்டுக் கொட்டகைத் தரையில் நான்கு ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்திவிடுகிறோம். சில வாரங்களில் அது ஆடத் தொடங்குகிறது. கத்தி சுழலும் இயந்திரம் ஆடினால் முதல் ஆபத்து, புல் தள்ளும் கைக்குத்தான்.

நட்டை இறுக்கும்போது ஆங்கர் போல்ட்டின் அடிமுனைக் கூம்பு மேலேறி, உறையை விரித்து, துளையின் சுவரை நெருக்குகிறது. அந்த நெருக்கம்தான் பிடிப்பு. எனவே முதலில் தரையைப் பாருங்கள். பல கொட்டகைகளில் காங்கிரீட் 3 அங்குலம்தான் இருக்கும், கீழே மண். அங்கே போல்ட் நிற்காது. செங்கல், சிமென்ட் பூச்சு மீதும் வேண்டாம். இயந்திரம் நிற்கும் இடத்தில் குறைந்தது 6 அங்குல கனத்தில் தனி மேடை போட்டு, தண்ணீர் விட்டு ஆற்றி, 28 நாள் கழித்துத் துளையிடுங்கள். மேடை இயந்திரத்தின் அளவுக்கே இருந்தால் போதாது. 10 மி.மீ. போல்ட் என்றால் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளியே துளை வர வேண்டும். இல்லையென்றால் போல்ட் விரியும்போது ஓரம் பெயர்ந்துவிடும்.

துளை அளவில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். உறை முழு நீளத்துக்கும் உள்ள வகைக்கு, போல்ட்டின் அளவை அல்ல, உறையின் வெளி அளவைப் பார்த்து டிரில் பிட் வாங்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும். தேய்ந்த பிட் வேண்டாம். ஹேமர் டிரில்லை நேராகப் பிடித்து, போல்ட் இறங்கும் ஆழத்தைவிட 1 செ.மீ. கூடுதலாகத் துளையிடுங்கள். கம்பி தட்டினால் இடத்தை மாற்றுங்கள்.

பிறகு தூசி. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூசி இருந்தால் உறை சுவரைப் பிடிக்காமல் வழுக்கும். பிரஷ் விட்டுத் தேய்த்து, சைக்கிள் பம்பால் ஊதி, மீண்டும் தேய்த்து ஊதுங்கள். வாயால் ஊதினால் கண்ணில்தான் விழும்.

மரை நசுங்காமல் இருக்க நட்டை போல்ட்டின் தலை மட்டத்தில் வைத்துத் தட்டி இறக்குங்கள். வாஷர் அவசியம். பெட்டியில் சொன்ன அளவுக்கே இறக்குங்கள். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் மரை போகும், காங்கிரீட்டும் விரியும். இறுக்கும்போது போல்ட்டே சேர்ந்து சுற்றினால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். சிமென்ட் ஊற்றிச் சமாளிக்காமல் வேறு துளை போடுங்கள்.

மாட்டுக் கோமியம் சாதாரண போல்ட்டை விரைவில் துருவாக்கும். கொட்டகைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். முதல் நாள் ஓட்டியதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு நட்டுகளைச் சரிபாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை. அதிர்வு அதிகமுள்ள டீசல் என்ஜினுக்கு மட்டும் இந்த வகை போல்ட் வேண்டாம். அதற்கு மேடை போடும்போதே பவுண்டேஷன் போல்ட் பதித்துவிட வேண்டும்.