சிரட்டைக்கரியும் நுரைச்சோலைப் புகைக்கூண்டும்

கண்டக்குழியில் மீனவப் பெண்களின் கூட்டமொன்றில், கிணற்று நீரைச் சிரட்டைக்கரியும் மணலும் இட்டு வடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் எழுந்து கேட்டார்: "சுவாமி, கரி தண்ணியில இருக்கிற வாடையப் பிடிக்கும் எண்டால், நுரைச்சோலைக் கூண்டுக்குள்ள போட்டா அந்தப் புகையையும் பிடிக்குமா?" சிலர் சிரித்தனர். ஆனால் விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வரும் கேள்வி அது.

கரி பிடிக்கும் என்பது உண்மையே. சிரட்டையைக் கரியாக்கி, சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவி பாய்ச்சினால், அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்டுளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் துளைச்சுவர்களை விரித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர், அதாவது 40 பேர்ச் காணி! நமது மாவட்டத்து மாதம்பையிலேயே ஹேகார்ப் நிறுவனம் இத்தகைய கரியைத் தயாரிக்கிறது. காபனீரொட்சைட்டு வாயு இச்சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். சூடேற்றினால் விட்டுவிடும், கரியை மீண்டும் பயன்படுத்தலாம்.

சிக்கல் அளவில்தான். 2014 முதல் 900 மெகாவாற்றுத் திறனுடன் இயங்கும் நுரைச்சோலையில் எரியும் ஒவ்வொரு கிலோ நிலக்கரியும் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டாகிறது. புகையில் அவ்வாயு ஏழில் ஒரு பங்களவே. மிகுதியில் பெரும்பகுதி நைதரசன். அந்நிலையில் ஒரு கிலோ கரி பிடிப்பது சில பத்துக் கிராம் மட்டுமே. நீராவி வேறு துளைகளில் இடம் பிடித்துக்கொள்கிறது.

விஞ்ஞானிகள் உலோக அணுக்களைச் சேதன மூலக்கூறுகளால் இணைத்து, வேண்டிய அளவில் துளை அமைக்கும் சட்டகங்களை உருவாக்கினர். இதற்காக 2025 இல் கிற்றகாவா, றொப்சன், யாகி ஆகிய மூவரும் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றனர். யாகி, ஜோர்தானில் பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில் பிறந்தவர். இவ்வகையில் கனடாவின் கல்கரியில் நாகத்தைக் கொண்டு செய்யப்பட்ட 'கால்ஃப்-20' ஈரப்புகையிலும் காபனீரொட்சைட்டைத் தெரிந்து பிடிக்கிறது. கனடாவிலேயே ஒரு சீமெந்து ஆலையில் அது பரீட்சிக்கப்பட்டது. எனினும், பிடித்த வாயுவைச் சூடேற்றிப் பிரிக்கவும் அமுக்கவும் சக்தி வேண்டும். பின் நிலத்தடியில் புதைக்க இடமும் வேண்டும். இச்செலவை யார் ஏற்பது?

இவற்றையெல்லாம் என்னால் இயன்றவரை விளக்கினேன். அத்தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தோட்டத்தில விழுற தூசி?" என்றார்.

அது வேறு விடயம். காபனீரொட்சைட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை. அதைப் பிடித்தாலும் நிலக்கரி முற்றத்துத் தூசியும் சாம்பலும் நிற்கமாட்டா. காற்றுக் காலத்தில் அவை வீடுகளில் படிகின்றன என்று நுரைச்சோலை மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். அவற்றுக்குத் தேவை காற்றுத்தடுப்பு வேலி, நீர் தெளிப்பு, சாம்பலுக்கு மூடி. இவற்றுக்கு நோபல் பரிசு எதுவும் தேவையில்லை. கூட்டம் கலையுமுன் இவற்றைக் கேட்டு ஒரு மனு எழுதத் தொடங்கினோம்.