சொல்லைப் பிடித்தால் பாட்டு வரும்

காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் திருவேங்கடமுடையான் எழுந்தருளியிருக்கும் கோயிலைத் தென் திருப்பதி என்று போற்றுவார்கள். வைணவக் கோயில்களில் வைகுண்ட ஏகாதசி தொடங்கிப் பத்து இரவுகள் நம்மாழ்வாரின் திருவாய்மொழியை ஓதுவது மரபு. பாசுரங்கள் 1,102. ஏடு பாராமல், வரிசை பிறழாமல் அவற்றைச் சொல்லும் பெரியோரைக் கண்டு, 'இத்தனை ஞாபக சக்தி எங்கிருந்து வந்தது?' என்று நாம் வியக்கிறோம்.

பாதி அவர்களது உழைப்பு. மறுபாதி பாட்டின் அமைப்பு. திருவாய்மொழி அந்தாதியாகப் பாடப்பெற்றது. ஒரு பாசுரம் முடிகிற சொல்லைப் பற்றிக்கொண்டே அடுத்தது பிறக்கும். ஓதுகிறவர் அடுத்ததை எங்கோ தேடவேண்டியதில்லை. நாவில் நிற்கும் சொல்லே அதனை அழைத்து வந்துவிடும். நடுவே ஒன்று விட்டுப்போனாலோ, அறுந்த மாலைபோல் உடனே தெரிந்துவிடும். காரைக்கால் அம்மையாரும் முதலாழ்வார் மூவரும் கையாண்ட பழைய முறை இது. மனனம் செய்வோருக்கு மட்டுமன்று, பாடுகிற கவிக்கும் இது துணை. முடிந்த சொல்லிலிருந்தே தொடங்கவேண்டும் என்ற கட்டுப்பாடு, அவர் எண்ணியிராத புதுப் பொருளையும் எழுப்பிவிடும்.

மேனாட்டாரும் பிற்காலத்தில் இதனை ஆராய்ந்தனர். இங்கிலாந்தின் பிரான்ஸிஸ் கால்ட்டன், 75 சொற்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் கண்டவுடன் தம் மனத்தில் எழுந்த எண்ணங்களைக் குறித்து, 1879-இல் வெளியிட்டார். அவற்றுள் கணிசமான பங்கு அவருடைய இளமைப் பருவத்து நினைவுகளாக இருந்தன! பெற்றோர் இதனைச் சற்றே சிந்திக்கவேண்டும். இளமையில் நாம் இட்டு வைக்கும் சொற்களே முதுமையிலும் குழந்தைகளின் உள்ளத்தில் எழுந்து வரும். அன்று ஒன்றும் இடாவிட்டால், பின்னர் எதனைக் கூப்பிடுவது?

சொல் தொடராத இடத்தில் இசையும் கொக்கியாகும். அரியக்குடி தந்த சங்கீத மேதை ராமானுஜ ஐயங்கார் (1890-1967) திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் இராகம் அமைத்தார். நாட்டை என்றதும் முதற் பாசுரமும், ஆரபி என்றதும் மூன்றாவதும் கேட்டுப் பழகியோர் மனத்தில் தாமே எழுகின்றன.

இவ்வித்தையை வீட்டிலேயே பழக்கலாம். இரவு உணவுக்குப் பின் பாட்டி தொடங்கட்டும்: 'ஊருணிக் கரையில் ஆலமரம்.' பேரன், 'ஆலமரத்தடியில் பிள்ளையார்' என்பான். பேத்தி, 'பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை' என்பாள். பத்துச் சொல் சேர்ந்ததும், கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பிச் சொல்லச் செய்யுங்கள். விளையாட்டுக்கு விளையாட்டு, நினைவுக்குப் பயிற்சி. பாட்டி சொன்ன ஆலமரத்தில் பேரன் ஓர் ஊஞ்சலையும் கட்டிவிட்டால், அங்கே கற்பனையும் தளிர்த்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லி வைக்கிறோம். கோவை வரிசையைத் தரும், பொருளைத் தராது. பொருளறிந்த பின்பே மனனம் செய்யவேண்டும்.

நாதமுனிகள் திருக்குடந்தைப் பெருமாள்மீது அமைந்த சில பாசுரங்களைக் கேட்டு, அவை ஆயிரத்துள் ஒரு பத்து என்றறிந்து, மறைந்திருந்த மற்றவற்றைத் தேடி மீட்டார் என்பது வைணவ மரபு. ஒருவர் நாவில் எஞ்சியது ஓராயிரத்துக்கு வழிகாட்டியது. நம் வீட்டுக் குழந்தைகளின் நாவிலும் தமிழ்ச் சொல் ஒன்றேனும் எஞ்சட்டும். மற்றவற்றை அது அழைத்து வரும்.