வெட்டினா போகாது, தூரோடு எடுக்கணும்



சென்னை கோட்டூர்புரத்தில் ஒரு மரப்பூங்கா இருக்கிறது. முன்பு குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை நிலம். 2006 முதல் 'நிழல்' அமைப்பின் தொண்டர்கள் அங்கே நம்ம நாட்டு மரங்களை வளர்த்து வருகிறார்கள். கன்றை நட்டதோடு வேலை முடியவில்லை. வேண்டாத செடிகளையும் எடுத்துக்கிட்டே இருக்கணும்.

நம்ம ஊரில் அப்படிப்பட்டது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அந்த விறகில்தான் நம்மில் பலருக்கு அடுப்பு எரியுது, கரிமூட்டத்தில் கூலியும் கிடைக்குது. அதை மறைக்க வேண்டாம். ஆனா ஏரிக்குள்ளும் மேய்ச்சல் நிலத்திலும் புகுந்துட்டா ஆடு மாட்டுக்குப் புல் இருக்காது.

மேலாக வெட்டினா அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி, தூரோடு எடுக்கணும். சின்னக் கன்றை மழை பெய்து மண் இளகினதும் கையாலேயே பிடுங்கலாம் (முள் ஜாக்கிரதை!). நெற்று விழுவதற்கு முன்பே எடுப்பது நல்லது. ஆடு மாடு தின்னுட்டுப் போகிற இடமெல்லாம் சாணத்தில் விதை முளைக்கும். எடுத்த இடத்தைச் சும்மா விடாமல் புங்கன், நாவல் நடுங்க.

ஊராட்சியில் ஏரி சுத்தம் செய்கிற வேலை வந்தால், "மேலாக வெட்டவா, தூரோடு எடுக்கவா?" என்று குழுவாகப் போய்க் கேளுங்க. தோண்டுவது இரட்டிப்பு உழைப்பு. கூலியையும் அதற்கேற்றபடி முன்கூட்டியே பேசிக்கணும்.