மணப்பாடு: பூட்டிய மாளிகைகளின் ஊர்

திருச்செந்தூருக்குத் தெற்கே 18 கிலோமீட்டரில் மணப்பாடு. கடலோர மணல்மேட்டின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். பக்கத்திலேயே சவேரியார் தங்கிய குகை. ஊரில் பெரும்பாலோர் பரதவர், கத்தோலிக்கர். பர்னாந்து போன்ற பெயர்கள் போர்த்துக்கீசியர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்தவை.

தெருவுக்குள் நுழைந்தால்தான் ஆச்சரியம். கடற்கரைக் கிராமத்தில் இத்தனை மாளிகைகளா! கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டியவை. அந்த வியாபாரம் ஓய்ந்தது. பிள்ளைகள் தூத்துக்குடி, சென்னை, வெளிநாடு என்று பிழைக்கப் போனார்கள். பல வீடுகளில் இன்று பூட்டுதான் குடியிருக்கிறது. ஊரோடு இருப்பவர்களுக்குக் கடல்தான் சோறு போடுகிறது. பெண்கள் சிலர் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள்.

செப்டம்பரில் கொடியேறியதும் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். 14-ம் தேதி திருவிழா. அது முடிந்ததும் மறுபடி சாவியைத் தேடுகிறார்கள்.