மடியா, மேசையா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போய்வருபவர்களுக்கு ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற பெயர் தெரிந்திருக்கும். ரமண மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர், ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவர். அவருடைய மகன் ஆடம் ஆஸ்போர்னின் பிள்ளைப்பருவம் அந்த மலையடிவாரத்தில் கழிந்தது. பின்னாளில் அமெரிக்காவுக்குப் போன ஆடம், 1981-ல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லி விற்று, கடையில் நிஜமாகவே விலைபோன முதல் கணினி அது. 2003-ல் அவர் மறைந்ததும் தமிழ்நாட்டில்தான், கொடைக்கானலில்.

தையல் மிஷின் பெட்டி போல இருக்கும் ஆஸ்போர்ன் 1. எடை 11 கிலோ. மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. நடுவில் 5 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பிளாப்பி டிரைவ். விலை 1,795 டாலர். பெட்டிக்குள் பேட்டரி கிடையாது, போன இடத்தில் பிளக் இருந்தால்தான் ஓடும். அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள். கணினியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக முடிந்ததே அவர்களுக்குப் பெரிய வசதியாக இருந்தது. ரயிலில் உட்கார்ந்து தட்டச்சு செய்யவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்று எடுத்துப்போகும் கணினி என்றாலே லேப்டாப்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் நம்மில் பலருடைய லேப்டாப்பின் அன்றாடப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டு மேசையில் மூடினால் அலுவலக மேசையில் திறக்கிறோம். நடுவில் பஸ்ஸிலோ டீக்கடையிலோ அது பைக்குள்ளேயே கிடக்கிறது. இரண்டு மேசையிலும் பிளக் இருக்கிறது, பல இடங்களில் பெரிய மானிட்டரும் இருக்கிறது. இப்படி வேலை செய்பவர்களுக்கு மினி பிசி எனப்படும் குட்டி மேசைக்கணினி லேப்டாப்பைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து.

2005-ல் ஆப்பிள் மேக் மினியை வெளியிட்டபோது, பெட்டியை மட்டும் தருகிறோம், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் உங்களுடையது என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். பின்னர் இன்டெல் நிறுவனம் 'நக்' என்ற வரிசையில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்குள் முழுக் கணினியையும் அடக்கியது. 2023-ல் இன்டெல் அதிலிருந்து விலகிக்கொள்ள, அந்த வரிசையை இப்போது ஏசுஸ் தொடர்கிறது. 2024 கடைசியில் வந்த மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம். அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸைவிடப் பெரிதில்லை. எம்4 சிப் உள்ளதன் எடை 670 கிராம். சும்மா இருக்கும்போது 4 வாட் மின்சாரம்தான் எடுக்கிறது, ஒரு சின்ன எல்இடி பல்பின் அளவு.

சிறியதாக இருப்பது மட்டும் இதன் பெருமை இல்லை. சூட்டைக் கையாளும் விதத்தைப் பார்க்கவேண்டும். சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. லேப்டாப்பில் அந்தச் சூடு வெளியேற ஒன்றரை சென்டிமீட்டர் இடுக்குதான் உண்டு, பக்கத்திலேயே பேட்டரி வேறு. சூடு எல்லை மீறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2025-ல் வந்த மேக்புக் ஏரிலும் 2024-ன் மேக் மினியிலும் இருப்பது அதே எம்4 சிப். ஏரில் விசிறியே கிடையாது, மினியில் உண்டு. கடிதம் எழுதும்போதும் இணையம் பார்க்கும்போதும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவைத் தொகுத்து, கோப்பாக மாற்ற விட்டுப் பாருங்கள், தெரியும். அதுவும் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில்!

பேட்டரிக்கு வருவோம். லித்தியம் பேட்டரிக்கு இரண்டு விரோதிகள்: சூடு, எப்போதும் நூறு சதவீதச் சார்ஜ். நாள் முழுக்கப் பிளக்கில் செருகியே ஓடும் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. சில ஆண்டுகளில் பேட்டரி தளரும், சில சமயம் உப்பி டச்பேடையே மேலே தள்ளும். பேட்டரியைப் பேட்டரியாகப் பயன்படுத்தாத ஒருவர் அதற்காகக் காசு கொடுத்து, அதையே பிறகு பழுதாகவும் சுமக்கிறார். மினி பிசியில் இந்தத் தொல்லை இல்லை. கடிகாரத்துக்கான ஒரு பொத்தான் செல்லைத் தவிரப் பெரும்பாலானவற்றில் பேட்டரியே கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கரண்ட் போனால் அந்த நொடியே திரை இருளும், சேமிக்காத வேலை போய்விடும். வைஃபை ரவுட்டருக்கு விற்கும் குட்டி யூபிஎஸ் இதற்கு ஆகாது. அது தருவது பெரும்பாலும் 12 வோல்ட், அதுவும் கொஞ்சம் வாட்தான். மினி பிசிகளில் பல 19 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் 'யூபிஎஸ் மோடு' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் உண்டு. அதைப் போட்டுவைத்தால் கணினி அணையாத வேகத்தில் மின்சாரம் மாறும். இல்லாவிட்டால் இரண்டு மேசையிலும் தலா ஒரு யூபிஎஸ் வைத்தாக வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கிலும் ஏமாறக்கூடாது. போகும் இடத்தில் மானிட்டர் இல்லாமல், கையடக்க மானிட்டர் ஒன்றையும் கீபோர்டு, மவுஸையும் நீங்களே சுமப்பதாக இருந்தால் மொத்தம் 2 கிலோவை நெருங்கிவிடும். 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோதான். அப்போது லேப்டாப்பே மேல். இரண்டு இடத்திலும் திரையும் கீபோர்டும் காத்திருக்கும்போதுதான் மினி பிசி ஜெயிக்கிறது. பெட்டியும் அடாப்டரும் மட்டும் பைக்குள் போகும். சில மினி பிசிகளை டைப்-சி வழியாக மின்சாரம் தரும் மானிட்டரோடு ஒரே கேபிளில் இணைத்துவிடலாம், அடாப்டர்கூட வேண்டாம். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கழுத்துக்கும் ஒரு நியாயம் செய்யவேண்டும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் தலை குனியும், கண்ணுக்கு உயர்த்தினால் தோள் நோகும். எட்டு மணி நேரம் எழுதுபவர்களும் வரைபவர்களும் இதை அறிவார்கள். தனி மானிட்டரைக் கண்ணுக்கு நேராக வைக்கும் வசதி உடம்புக்குச் செய்யும் உபகாரம்.

பழுது பார்ப்பதும் எளிது. மினி பிசிகளில் பலவற்றை நான்கு திருகாணியைக் கழற்றித் திறந்துவிடலாம். உள்ளே 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு எஸ்எஸ்டி, பக்கத்தில் மாற்றக்கூடிய ராம். மேக் மினியின் ராமை மாற்ற முடியாது என்பதால், பல ஆண்டுகள் வைத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு இப்படித் திறந்து மாற்றக்கூடிய வகையைத்தான் நான் சொல்வேன்.

மாணவர்கள், நிருபர்கள், ரயிலில் வேலை பார்க்கும் விற்பனைப் பிரதிநிதிகள் ஆகியோருக்கு மினி பிசி வேண்டாம். வகுப்பிலும் வழியிலும் கணினியைத் திறக்கவேண்டியவர்கள் லேப்டாப்பே வாங்கட்டும்.

மற்றவர்கள் அடுத்த கணினி வாங்கும்முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாரம், உங்கள் லேப்டாப்பை எங்கெங்கே திறந்தீர்கள், அப்போது பக்கத்தில் பிளக் இருந்ததா என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அந்தத் தாளில் இரண்டே இரண்டு மேசைகள்தான் திரும்பத் திரும்ப வந்திருந்தால், கடையில் லேப்டாப் வரிசையைத் தாண்டிப் போய் மினி பிசி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.