உங்களுக்குத் தெரியுமா? சுவரேறிய போர்வைகள்

மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அது ‘க்வில்ட்’. குளிருக்காக அமெரிக்கப் பெண்கள் தைத்த இந்தப் போர்வைகள் இன்று கலைச் செல்வங்களாகச் சேகரிக்கப்படுகின்றன.

● 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய க்வில்ட்களை ஓவியங்களைப் போல வெள்ளைச் சுவர்களில் மாட்டியது. அவற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப். தையலின் நுணுக்கத்தைவிட, தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணை இழுக்கும் வடிவமே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. க்வில்ட் சேகரிப்பின் போக்கையே மாற்றிய கண்காட்சி இது.

● பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெண்கள் பூப்போட்ட துணியைத் தவிர்த்தார்கள். ஒரே நிறக் கம்பளித் துணிகளில் பெரிய சதுரங்களையும் வைர வடிவங்களையும் அமைத்தார்கள். சதுரத்துக்குள் சதுரம் வரையும் புகழ்பெற்ற வரிசையை ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950 வாக்கில்தான் தொடங்கினார். ஆமிஷ் பெண்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவர்கள்.

● ஜார்ஜியாவில் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். பைபிள் கதைகளைத் துணியில் தைத்த அவர், வறுமை நெருக்கியபோது தன் க்வில்ட்டை 5 டாலருக்கு விற்றார். விற்ற பிறகும் அதைப் பார்க்கப் போய்வந்தார். அது இப்போது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள அவரது இன்னொரு க்வில்ட்டில், 1833-ஆம் ஆண்டின் எரிகல் மழையைக் காணலாம்.

● புரூக்ளினில் வாழ்ந்த லூசிண்டா வார்டு ஹான்ஸ்டைன் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பின், 1867-இல், ஒரு க்வில்ட் தைத்தார். விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஒருவர் தன் பழைய எஜமானரை எதிர்கொள்ளும் காட்சியும் அதில் உண்டு. 1991-இல் சதபீஸ் ஏலத்தில் அது 2,64,000 டாலருக்குப் போனது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள சர்வதேச க்வில்ட் அருங்காட்சியகம் அதைப் பாதுகாக்கிறது.

● சோழமண்டலக் கடற்கரையில் சாயம் தீட்டிய சீட்டித் துணிகளும் அமெரிக்க க்வில்ட்களில் இடம்பெற்றிருக்கின்றன. விலை கூடிய சீட்டியிலிருந்து பூக்களையும் பறவைகளையும் வெட்டியெடுத்து, வெறும் துணியில் வைத்துத் தைப்பார்கள். ஒரு முழத்தில் உள்ள பூக்களை ஒரு போர்வை முழுக்கப் பரப்பிவிடலாம்!

● ஒரு க்வில்ட்டின் வயதை அதிலுள்ள மிகப் பழைய துணியைக் கொண்டு கணிக்கக் கூடாது. மிகப் புதிய துணியே சாட்சி. பாட்டி காலத்துத் துண்டுகளைப் பேத்தி தைத்திருக்கலாம் அல்லவா? சில பழுப்புத் துணிகள் மட்டும் இற்றுப்போயிருந்தால், சாயத்தில் சேர்த்த இரும்பு காரணமாக இருக்கலாம். எடை கூட்ட உலோக உப்பு ஏற்றிய பட்டும் காலப்போக்கில் கிழிந்து உதிரும்.

● தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டும் ரகசியக் குறியீடுகள் க்வில்ட்களில் இருந்ததாக ஒரு கதை பரவியிருக்கிறது. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கதையை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

● பழைய க்வில்ட்டுக்கு வெளிச்சம் பகை. வெயில் படும் சுவரில் மாட்டினால் சாயம் வெளுக்கும். ஒரே மடிப்பில் வைத்தால் அங்கேயே இழை விட்டுப்போகும். அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். தோய்ப்பது ஆபத்து.

● 1840-களில் நட்பு க்வில்ட்கள் பரவலாயின. ஊரைவிட்டுப் போகும் தோழிக்காக ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் மையால் பெயரெழுதித் தருவார்கள். தைத்தவர் பெயரே தெரியாத க்வில்ட்கள்தான் ஏராளம். அதனால் பெயரும் ஆண்டும் உள்ள ஒன்றைச் சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். பெண்களின் வரலாற்றை எழுதுவோருக்கு அது ஓர் ஆவணம்.