முதுகை வளைத்து நிற்கும் மாட்டுக்கு வலி வயிற்றிலும் இருக்கலாம்

நன்றாகக் கறந்துகொண்டிருந்த மாடு திடீரென்று தீனி எடுக்காமல், அசை போடாமல், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நிற்கும். பால் ஒரே நாளில் பாதியாகக் குறைந்துவிடும். முதுகுப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பதும், சூடு போடுவதும் கிராமங்களில் வழக்கம். ஆனால் விழுங்கிய ஓர் ஆணியோ கம்பியோ இரைப்பையைக் குத்துவதாலும் மாடு இவ்வாறு நிற்கும். சூடு போட்டால் நோயோடு புண்ணும் சேரும், அவ்வளவுதான்.

மாடு, ஆட்டைப் போல் உதட்டால் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் வாரிச் சரியாக மெல்லாமலே விழுங்கிவிடும். கனமான இரும்புத் துண்டுகள் தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்குகின்றன. அது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் கூர்முனை சுவரில் சிறிது சிறிதாக இறங்கும். அதற்குச் சில விரற்கடை முன்னால்தான் இதயம் இருக்கிறது. சினை முற்றிய மாட்டில் கருப்பை முன்னோக்கித் தள்ளுவதால், பல மாதம் சும்மா கிடந்த ஆணியும் குத்தத் தொடங்கலாம்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. கட்டட வேலையில் சிதறும் கட்டுக்கம்பி, திருவிழாப் பந்தல் பிரித்த இடத்து ஆணி, மண்டபத்துக் குப்பையில் எச்சில் இலையோடு கிடக்கும் குண்டூசி, போகியன்று எரித்த டயரின் கம்பி ஆகிய எல்லாமே மாட்டின் வாய்க்கு எட்டுபவை.

சந்தேகம் வந்தால் திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக் கிள்ளிப் பார்க்கலாம். நலமான மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். வயிற்றில் வலியுள்ள மாடு தாழ்த்தாமல் முனகும். முழங்கையை வெளியே அகட்டி வைப்பதும், பள்ளத்தில் இறங்கத் தயங்குவதும் மற்ற அறிகுறிகள். குளம்பில் புண் இருந்தாலும் முதுகை வளைக்கும். ஆதலால் கால்களையும் பார்த்துவிட வேண்டும்.

உடனே கால்நடை மருத்துவரை அழைத்தல் நலம். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். அதுவரை மாட்டை நடத்தாமல், முன்கால்கள் அரை அடி முதல் முக்கால் அடி உயரத்தில் இருக்குமாறு மண்மேட்டில் கட்டி வைக்க வேண்டும். கம்பி பின்னுக்குச் சரிய இது உதவும். மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பார். வாய்வழியே விரல் நீளக் காந்தத் துண்டு ஒன்றையும் செலுத்துவார். அது இரைப்பையிலேயே தங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். செம்பு, அலுமினியக் கம்பிகளை அது பிடிக்காது.

இதற்கும் அடங்காவிட்டால், மாட்டை நிற்க வைத்தே இடது பக்கம் மரத்துப்போகச் செய்து, வயிற்றைத் திறந்து ஆணியை எடுப்பார்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது. அலைதாடி வீங்கி, கழுத்து இரத்தக் குழாய் கயிறு போல் புடைத்துவிட்டால் கம்பி இதயப் பையை எட்டியிருக்கலாம். அதற்குப் பின் மாடு பிழைப்பது அரிது. அறுவைக்குத் தயங்கி நாள் கடத்துவதால் நட்டமடைவோரே அதிகம்.

செலவில்லாத தற்காப்பும் உண்டு. பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தவிடு, பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்குமுன் அதில் இரண்டு முறை துழாவி எடுக்கலாம். வைக்கோல் போரைச் சுற்றிலும் வாரம் ஒரு முறை அதே காந்தத்தைத் தரையோடு இழுத்துப் பார்க்கலாம்.